எனக்கு இன்னொரு ஆப் வேண்டாம், பஸ் வந்தால் போதும்

போன ஜனவரியில் ஒரு நாள் அதிகாலை ஐந்தரை மணிக்கு அம்மாவின் அழைப்பு வந்தது. அந்த நேரத்தில் அம்மா எடுத்தால் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் திரும்ப அடிக்கும்.

"தம்பி, இதில நாலு நிமிசம் எண்டு காட்டுது. பத்து நிமிசமா நாலு நிமிசம் எண்டே காட்டுது. போன் பழுதோ?"

போன் பழுதில்லை. அதை வாங்கிக் கொடுத்தது நான். பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் செயலியைப் போட்டுக் கொடுத்ததும் நான். என் போனில் திறந்து பார்த்தேன். வரைபடத்தில் ஒரு குட்டி பஸ் அசையாமல் நின்றது. பிறகு அது திடீரென்று காணாமல் போனது. நாலு நிமிடம் பன்னிரண்டு நிமிடமாக மாறியது. வெளியே மைனஸ் 17. அம்மாவுக்கு 63 வயது. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை.

"ஒருக்கா மூடித் திறந்து பாருங்கோ அம்மா" என்று சொன்னேன்.

சொன்ன கையோடு வெட்கமாக இருந்தது. மின்பொறியியலில் முதுகலைப் பட்டம், பத்து வருடத்துக்கு மேல் ஐ.ரி. ஆலோசகர் வேலை. இத்தனையும் வைத்துக்கொண்டு, குளிரில் நிற்கும் தாய்க்கு நான் கொடுத்த தீர்வு அதுதான்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்தப் பதிவு அந்த வெட்கத்தில் எழுதியது. என் வாதம் சின்னது. ஸ்காபரோவில் எங்களுக்கு வேண்டியவை மிகச் சாதாரணமானவை: நேரத்துக்கு வரும் பஸ், விளையாட ஒரு திடல், போன் எடுத்தால் பதில் சொல்ல ஒரு மனிதர். அவற்றுக்குப் பதிலாக எங்களுக்குக் கிடைப்பவை அறிவிப்புகள், வண்ணப் படங்கள், செயலிகள். கொடுப்பவர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வாங்கிக்கொண்டு கைதட்டுகிறவர்கள் நாங்கள்.

ஒரு ரயிலின் கதை

ஒஸ்லோவிலோ சிட்னியிலோ இருந்து வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். ஸ்காபரோ ரொறன்ரோவின் கிழக்குப் பகுதி. 1998 வரை தனி நகரமாக இருந்தது. இங்கே பிறந்து வளர்ந்த எங்களில் பலருக்கு முதல் ரயில் என்றால் அது ஸ்காபரோ ஆர்.ரி. தான். 1985இல் ஓடத் தொடங்கியது. கென்னடியிலிருந்து மக்கவன் வரை ஆறே ஆறு நிலையங்கள், 6.4 கிலோமீற்றர். சின்ன நீல ரயில், வளைவில் கீச்சிடும், பனி கொட்டினால் நின்றுவிடும். ஆனால் ஓடினால் கென்னடிக்குப் பத்து நிமிடம்.

அது சாதாரண ரயில் இல்லை. வட்டமாகச் சுற்றும் மோட்டாரை வெட்டி, நீளமாக விரித்துப் படுக்க வைத்தால் எப்படியிருக்கும்? அதுதான் நேர்கோட்டு மோட்டார். அதன் ஒரு பாதி ரயிலின் அடியில் இருக்கும். மறு பாதி, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் தட்டையான ஓர் உலோகப் பட்டையாக நிலத்தில் பதிந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. நடுவில் மெல்லிய இடைவெளி. அந்த இடைவெளியைக் காப்பாற்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

2023 ஜூலை 24 மாலை, எல்லஸ்மியர் நிலையத்துக்குத் தெற்கே கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது. ஐந்து பேர் காயப்பட்டார்கள். நடுவிலிருந்த அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த போல்ட்டுகள் தளர்ந்து, பட்டை மேலெழும்பி ரயிலில் அடித்திருக்கிறது. அந்த ஆண்டு நவம்பரில் ஓய்வு கொடுக்க இருந்த ரயில் அன்றோடு நின்றது. திரும்ப ஓடவேயில்லை.

"பழைய தொழில்நுட்பம், எத்தினை நாளைக்கு ஓடும்" என்று மாமாமார் சொல்வார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். இதே தொழில்நுட்பத்தில் வன்கூவரின் ஸ்கைட்ரெயின் அதே 1985இன் கடைசியில் திறந்தது. அவர்கள் ஆற்றைத் தாண்டி சறே வரை நீட்டினார்கள், 2002இல் இன்னொரு பாதை போட்டார்கள், 2016இல் மேலும் நீட்டினார்கள், பெட்டிகளைத் தலைமுறை தலைமுறையாகப் புதுப்பித்தார்கள். அது இன்றும் ஓடுகிறது. கோலாலம்பூரில் கெலானா ஜெயா பாதையும் இதே குடும்பம். மலேசியாவில் இருந்து வாசிக்கும் நீங்கள் நேற்றும் அதில் ஏறியிருப்பீர்கள். "அங்கே பனி இல்லையே" என்று கேட்டால், நியூயோர்க் ஜே.எஃப்.கே. விமான நிலைய ரயிலும் இதே வகைதான். நியூயோர்க்கில் பனி கொட்டாதா?

நாங்கள் என்ன செய்தோம்? ஒரு நிலையம்கூடக் கூட்டவில்லை. 25 ஆண்டுகளுக்கென்று செய்த பெட்டிகளை 38 ஆண்டுகள் ஓட்டினோம். என் தொழிலில் இதற்குப் பெயர் தொழில்நுட்பக் கடன். இன்று செய்ய வேண்டிய பராமரிப்பை நாளைக்குத் தள்ளினால் அது வட்டியோடு வரும். அந்த வட்டியைக் கட்டுகிறவர் பெரும்பாலும் தள்ளிவைத்தவர் இல்லை, காலை ஐந்தரைக்கு பஸ்ஸுக்கு நிற்பவர்.

நானும் கைதட்டினேன்

இனி எனக்குச் சொல்லக் கஷ்டமான பகுதி.

ஆர்.ரி.க்குப் பதிலாக என்ன கட்டுவது என்பதில் ஒரு முடிவு இருந்தது. 2012இல் ஏழு நிறுத்தங்கள் கொண்ட இலகு ரயில், மாகாண அரசின் முழுச் செலவில், ஒப்பந்தமாகக் கையெழுத்தானது. 2013 ஒக்ரோபரில் மாநகரசபை 24க்கு 20 என்று வாக்களித்து அதைத் தூக்கிவிட்டு, மூன்று நிறுத்தச் சுரங்க ரயிலைத் தேர்ந்தது. அதற்கென்று வீட்டு வரியில் ஒரு பங்கைக் கூட்டியது. 2016இல் அந்த மூன்று நிறுத்தம் ஒரு நிறுத்தமாகச் சுருங்கியது. 2019இல் மாகாண அரசு திட்டத்தைத் தன் கைக்கு எடுத்து, மீண்டும் மூன்று நிறுத்தம் என்றது. மதிப்பீடு 5.5 பில்லியன் டொலர். சுரங்கம் தோண்டும் இயந்திரம் 2023 ஜனவரியில்தான் சுழலத் தொடங்கியது. 2030க்கு முன் ரயில் ஓடும் என்று அவர்களே சொல்லவில்லை.

2013இல் நான் சுரங்க ரயில் பக்கம் நின்றேன். "டவுன்டவுன்காரருக்கு சப்வே, எங்களுக்கு மட்டும் ரோட்டில ஓடுற ரயிலோ?" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் நின்று வாதாடியவன் நான். அந்தக் கோபம் நியாயமானது. எங்கள் ஊரை 'ஸ்காபீரியா' என்று சொல்லிச் சிரித்த நகரத்தில் எங்களுக்கும் மரியாதை வேண்டும் என்ற கோபம் அது. அந்தக் கோபத்தை அரசியல்வாதிகள் சரியாகக் கண்டுபிடித்தார்கள். மரியாதை என்ற சொல்லை எங்களுக்கு விற்றார்கள். எத்தனை நிறுத்தம், எந்த ஆண்டு, அதுவரைக்கும் என்ன என்ற மூன்று கேள்விகளை நாங்கள் கேட்கவில்லை.

அன்று சுரங்க ரயிலுக்காகச் சொன்ன வலுவான காரணம் ஒன்று உண்டு. இலகு ரயில் கட்டினால், கட்டும் மூன்று நாலு ஆண்டுகள் ஆர்.ரி.யை மூடவேண்டும், சனம் பஸ்ஸில் போகவேண்டும் என்றார்கள். நானும் அதைச் சொன்னேன். இப்போது கணக்குப் பாருங்கள். 2023இலிருந்து 2030 வரைக்கும் ஏழு ஆண்டுகள். மூன்று நாலு ஆண்டு பஸ்ஸில் போக முடியாது என்று சொன்ன நாங்கள் ஏழு ஆண்டு பஸ்ஸில் போகப்போகிறோம், அதுவும் எல்லாம் சொன்னபடி நடந்தால். எக்லின்டன் இலகு ரயிலை 2011இல் கட்டத் தொடங்கி 2020இல் ஓடும் என்றார்கள். 2020 போனது, 2021, 22, 23, 24 எல்லாம் போனது.

அம்மா முன்பு 5:40க்கு வீட்டை விட்டு வெளிக்கிடுவார். இப்போது 5:10. ஒரு நாளைக்குப் போகவர ஒரு மணித்தியாலம் போகிறது. "பரவாயில்லை, ஊரில இதுவும் இல்லாமத்தானே இருந்தனாங்கள்" என்பார். இந்த வசனத்தை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். அதை அவர் சொல்லலாம், அவர் பட்ட பாடு அப்படி. நாங்கள் சொல்லக் கூடாது. எங்களுக்கு இதுதான் ஊர். வரியும் கட்டுகிறோம்.

விக்கெட்டுக்குப் பதில் நீலத் தொட்டி

ரயிலை விடுங்கள், விளையாட்டுக்கு வருவோம்.

நான் கிரிக்கெட் பழகியது ஒரு பள்ளிக்கூடத்தின் கார் தரிப்பிடத்தில். ரெனிஸ் பந்து, மறுசுழற்சி நீலத் தொட்டிதான் விக்கெட். நேரே அடித்தால் நாலு. இடப்பக்கம் அடித்தால் அவுட், ஏனென்றால் அங்கே ஆசிரியர்களின் கார். அதனால் இன்றுவரை எனக்கு ஓன்சைட் ஆடத் தெரியாது. சிரிக்கலாம். ஆனால் இருபது வருடம் கழித்து என் அக்காவின் மகனும் அதே மாதிரி ஒரு தரிப்பிடத்தில்தான் ஆடுகிறான்.

ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம் நடந்து போகும் தூரத்தில் எத்தனை பேஸ்போல் திடல் இருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு எத்தனை கிரிக்கெட் ஆடுகளம் இருக்கிறது என்று எண்ணுங்கள். நான் என் பகுதியில் எண்ணினேன். முதல் கணக்குக்கு ஒரு கை விரல்கள் போதவில்லை. இரண்டாவதற்கு விரலே தேவைப்படவில்லை.

பேஸ்போல் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. "கிரிக்கெட் வெளிநாட்டு விளையாட்டு" என்று நினைக்கிறவர்களுக்குத்தான் இந்தச் செய்தி. உலகின் முதல் சர்வதேச கிரிக்கெட் ஆட்டம் 1844இல் நியூயோர்க்கில் நடந்தது. ஆடியது இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் இல்லை. கனடாவும் அமெரிக்காவும். வென்றது கனடா. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதல் டெஸ்ட் அதற்கு 33 வருடங்களுக்குப் பிறகுதான். 2003 உலகக் கோப்பையில் கனடா பங்களாதேசை வென்றது. அந்த அணியில் கொழும்பில் பிறந்த தமிழர், சஞ்சயன் துரைசிங்கம் என்ற வேகப்பந்து வீச்சாளர் இருந்தார்.

இன்னொரு பெயர் நிதிஷ் குமார். 1994இல் ஸ்காபரோவில் பிறந்தவர். 2011 உலகக் கோப்பையில் 16 வயதில் கனடாவுக்கு ஆடி, அந்தப் போட்டிகளின் வரலாற்றிலேயே இளைய வீரர் ஆனார். 2024 ஜூனில் இருபது ஓவர் உலகக் கோப்பை ஆட்டம் ஒன்று டலஸில் நடந்தது. பாகிஸ்தானுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டம் வேண்டும். நாலு அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தவர் அவர்தான். சூப்பர் ஓவரில் பாகிஸ்தான் தோற்றது. நாங்கள் எல்லோரும் அன்று துள்ளிக் குதித்தோம். ஆனால் அவர் போட்டிருந்தது அமெரிக்காவின் சட்டை. அவர் ஏன் போனார் என்பது அவருடைய விடயம், அதற்குள் நான் போகவில்லை. எங்கள் தெருவில் பிறக்கும் பிள்ளைக்கு இந்தத் திறமை வரலாம் என்பதற்கு மட்டும் அவர் சாட்சி. அடுத்த பிள்ளைக்கு நாங்கள் எதை வைத்திருக்கிறோம்? நீலத் தொட்டி.

"காசில்லை" என்பார்கள். 2026 கால்பந்து உலகக் கோப்பையின் ஆறு ஆட்டங்கள் ரொறன்ரோவுக்குக் கிடைத்தன. 2018இல் நகரத்துக்கு இதன் செலவு 30 முதல் 45 மில்லியன் டொலர் என்றார்கள். 2022இல் 300 மில்லியன் அளவு என்றார்கள். 2024இல் 380 மில்லியன் என்றார்கள். மற்ற அரசுகளும் பங்கு போடுகின்றன, உண்மைதான். ஆனால் அதுவும் எங்கள் வரிதான். ஆறால் பிரித்தால் ஓர் ஆட்டத்துக்கு 63 மில்லியன். தொண்ணூறு நிமிடத்துக்கு.

கால்பந்து எனக்கும் பிடிக்கும். உலகக் கோப்பை வரக்கூடாது என்றும் சொல்லவில்லை. ஆறு மாலைகளுக்கு இவ்வளவு தேட முடிந்த கைகளுக்கு, ஒரு பூங்காவில் விரிப்புப் போட்ட ஆடுகளமும் இரவு விளக்கும் ஏன் 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' ஆகிறது என்றுதான் கேட்கிறேன். "கிரிக்கெட்டுக்கு நிறைய நிலம் வேண்டும்" என்பது நியாயமான பதில். சுமார் 130 மீற்றர் விட்டம் வேண்டும். ஆனால் நடுவில் வேண்டிய ஆடுகளம் 20 மீற்றர் நீளம்தான். மற்றதெல்லாம் புல். அந்தப் புல்லில் கிழமையில் நாலு நாள் வேறு பிள்ளைகள் கால்பந்து ஆடலாம். நிலம் இருக்கிறது, பங்கு போடத்தான் மனம் வேண்டும்.

என் தொழிலின் குற்றம்

இதுவரைக்கும் மற்றவர்களைத் திட்டினேன். இப்போது என்னை.

சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்கு முன்பதிவுத் தளம் ஒன்றைக் கட்டிக் கொடுத்த குழுவில் இருந்தேன். வகுப்புகளுக்கு இடம் பிடிக்கும் தளம். முன்பு நேரே போயும் போனிலும் பதியலாம். நாங்கள் எல்லாவற்றையும் இணையத்துக்குக் கொண்டுவந்தோம். திறந்த நாள் காலை ஏழு மணிக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள், சேவையகம் தாங்கியது, சில நிமிடத்தில் எல்லா இடமும் முடிந்தது. நாங்கள் பீட்சா வாங்கிக் கொண்டாடினோம்.

அந்த இடங்களைப் பிடித்தது யார்? வேகமான இணையமும், இரண்டு திரையும், காலை ஏழுக்கு வீட்டில் சும்மா இருக்கும் வசதியும் உள்ள என்னைப் போன்றவர்கள். ஏழு மணிக்கு பஸ்ஸில் இருக்கும் தாய்க்கு, ஆங்கிலத்தில் கடவுச்சொல் மாற்றத் தெரியாத அம்மம்மாவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. முன்பு போனுக்குப் பதில் சொன்ன இரண்டு பேரின் வேலையும் பிறகு போனது. எங்கள் அறிக்கையில் அது 'சேமிப்பு' என்று வந்தது. உண்மையில் தேவைப்பட்டது இன்னும் இரண்டு வகுப்புகள். இருபது இடத்தை வேகமாகப் பங்கிடும் இயந்திரத்தைச் செய்தோம். இருபதை நாற்பதாக்க யாரும் எங்களைக் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பஸ் செயலியும் அதே கதைதான். பஸ் பிந்துவதை அழகாகக் காட்டும், சீக்கிரம் வர வைக்காது.

"அண்ணா, தொழில்நுட்பத்தால்தானே உங்களுக்குச் சம்பளம்" என்று கேட்பீர்கள். நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. பஸ் வருவதைக் கண்டு பச்சை விளக்கைச் சில விநாடி பிடித்து வைக்கும் சமிக்ஞை, அது நல்ல தொழில்நுட்பம். சில நேரம் சிவப்புப் பெயின்றும் நல்ல தொழில்நுட்பம்தான். 2020 ஒக்ரோபரில் எக்லின்டன் கிழக்கில் பஸ்ஸுக்கென்று தனிப்பாதை ஒதுக்கினார்கள். சுரங்கமும் இல்லை, செயலியும் இல்லை. வீதியில் நிறம் பூசி, கார்களை விலகச் சொன்னார்கள். கார் வைத்திருக்கும் எங்கள் சனம் கொஞ்சம் முணுமுணுத்தது. ஆனால் உள்ளே நின்றுகொண்டு போகும் அறுபது பேர் ஒற்றை ஆள் இருக்கும் காரை முந்திப் போனார்கள். மரியாதை என்றால் எனக்கு இப்போது அதுதான்.

சரி, என்ன செய்வது?

கோபப்பட்டு, பகிர்ந்து, மறந்துபோகும் பதிவாக இது ஆகக் கூடாது. மூன்று விடயங்கள் சொல்கிறேன்.

ஒன்று, எண்ணுங்கள். ஒரு கிழமை உங்கள் நிறுத்தத்தில் பஸ் எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுங்கள். திடல்களை எண்ணுங்கள். "சரியில்லை" என்று சொன்னால் சிரித்து அனுப்புவார்கள். தேதியும் நேரமும் போட்ட ஒரு தாளைக் கொடுத்தால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு, போய்ப் பேசுங்கள். ஸ்காபரோ சமூக சபை கூடுவது ஸ்காபரோ சிவிக் சென்ரரில், ரேமண்ட் மொரியாமா வடிவமைத்து 1973இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்தில். சின்ன வயதில் அதன் முன்னால் பனிச்சறுக்கு ஆடியிருப்பீர்கள், உள்ளே போயிருக்க மாட்டீர்கள். முன்கூட்டிப் பெயர் கொடுத்தால் பொதுமக்கள் சில நிமிடம் பேசலாம். அதற்கு வாக்காளராக இருக்கத் தேவையில்லை. பேச்சுப் போட்டியில் ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் தமிழில் பேசிப் பரிசு வாங்கிய பிள்ளைகள் நீங்கள். அந்தக் குரலை இங்கேயும் கொண்டுவாருங்கள்.

மூன்று, 18 வயதான குடியுரிமைக்காரர் என்றால் 2026 ஒக்ரோபர் 26 மாநகரத் தேர்தலில் வாக்களியுங்கள். 2022இல் இந்த நகரத்தில் வாக்களித்தவர்கள் பத்துப் பேரில் மூன்று பேர் அளவுதான். 2018இலிருந்து மாநகரசபையில் 25 உறுப்பினர்களே இருக்கிறார்கள். அதில் ஸ்காபரோவுக்கு ஆறு. ஆறு பேரையும் எங்களால் கேள்வி கேட்க முடியும். கோவில் திருவிழாவுக்கும் தெருவிழாவுக்கும் பொன்னாடை போர்த்த மேடைக்கு ஏற்றுகிறோமே, அதே மேடையில் கேளுங்கள்: எத்தனை நிறுத்தம்? எந்த ஆண்டு? அதுவரைக்கும் என்ன? 2013இல் நான் கேட்காமல் விட்ட அதே மூன்று கேள்விகள்.

வண்ணப் படம் காட்டினால் கைதட்டாதீர்கள். புதிய செயலி என்றால் அது எதைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்று கேளுங்கள். உங்களில் பாதிப் பேர் கணினி படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு இதே அறைகளில் நீங்கள் இருப்பீர்கள். அப்போது பீட்சா சாப்பிடுவதற்கு முதல், போன் எடுத்த அந்த இரண்டு பேரும் எங்கே என்று ஒருக்கால் கேளுங்கள்.

அன்றைக்கு அம்மா 22 நிமிடம் நின்றார். வேலைக்குப் பிந்திப் போனார். இரவு போனில் கேட்டார்: "தம்பி, நீ இந்த ஆப் செய்யிற வேலைதானே? அவையிட்ட சொல்லி ஒரு பஸ் விடச் சொல்லேலாதோ?"

சிரித்தேன். பிறகு யோசித்தேன். அம்மா கேட்டது சரியான கேள்வி. அதைப் போய்ச் சொல்ல வேண்டிய ஆள் நான்தான். அடுத்த சமூக சபைக் கூட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஒரு கிழமைக் கணக்கு எழுதிய தாளோடு போகிறேன். பக்கத்துக் கதிரை காலியாக இருக்கும், வாருங்கள்.